கப் வாங்காத பள்ளிக்குச் சதுரங்க அங்கீகாரம் உண்டா?

பகுதி: சேலம் மாவட்டம் / பள்ளியும் படிப்பும்

நாகலூர் டீச்சர் (ஞாயிறு, மாலை 6.40)

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலாவதும் ஐந்தாவதும் ஒரே அறை, மொத்தம் 23 பிள்ளைகள். பெற்றோரில் பாதிக்கு மேல் எஸ்டேட் வேலை.

2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த சமயம், அரசுப் பள்ளிகளில் எல்லாம் போட்டி வைத்தார்கள் இல்லையா, அப்போது வந்த இரண்டு ரெக்சின் போர்டுகள்தான் எங்கள் சொத்து. வட்டார அளவில் முதல் சுற்றிலேயே எங்கள் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். போர்டுகள் பீரோவுக்குப் போயின. அடுத்த ஜூனில் கணக்குப் பாடத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று பீரோவைக் குடைந்தபோது கையில் தட்டுப்பட்டன. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு பீரியட் கணக்கும் கொஞ்சம் ஆங்கிலமும் அந்தப் போர்டின் மேல்தான். நான் செஸ் ஆடத் தெரிந்தவள் இல்லை. காய் நகர்த்தும் விதி மட்டும் என் அண்ணன் பையன் சொல்லிக்கொடுத்தான்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர், சதுரங்கத்தைக் கல்விக் கருவியாகப் பயன்படுத்தும் பள்ளிகளுக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேவே அங்கீகாரம் கொடுக்கிறது, எழுதிப் போடுங்கள் என்றார். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “நம்மகிட்ட என்ன கப் இருக்குது டீச்சர்?”

ஒன்றும் இல்லை. அப்படியானால் நாங்கள் எழுதிப் போடலாமா, கூடாதா? போட்டால் எதைக் காட்டுவது?

கறுப்புக் குதிரை (ஞாயிறு, இரவு 8.05)

டீச்சர், நான் ஃபேர்லேண்ட்ஸில் 12 வருடமாகக் கோச்சிங் கொடுக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கீகாரம் என்றால் யாராவது ஒருவர் தூரத்தில் உட்கார்ந்து பார்த்து நம்ப வேண்டும். அவருக்கு எது தெரியும்? ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்துக்குப் போடுகிற எண்) தெரியும், மாவட்டப் போட்டி முடிவு தெரியும். ‘எங்கள் பிள்ளைகள் நன்றாக யோசிக்கிறார்கள்’ என்று எல்லாப் பள்ளியும் எழுதும். பக்கத்து ஈரோட்டில் இருந்து இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்படி ஒருவர் வந்தால் ஊரே நம்பும்.

குறைந்தது நாலு பிள்ளைகளையாவது தயார் செய்து சேலத்தில் நடக்கிற போட்டிகளுக்கு இறக்குங்கள். நுழைவுக் கட்டணம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாபேட்டை அப்பா (ஞாயிறு, இரவு 9.20)

குதிரை அண்ணா, அந்தக் கதையை நான் சொல்கிறேன். என் பெண் முன்பு படித்த தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். கட்டண ரசீதில் ‘செஸ்’ என்று தனியாக ஒரு வரி. எல்லாப் பிள்ளைக்கும் வாங்கினார்கள். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறைய கப். சரி, இவளும் கற்றுக்கொள்வாள் என்று இருந்தேன்.

ஒரு வருடம் கழித்து வீட்டில் போர்டு வாங்கி வைத்தால், குதிரை எப்படிப் போகும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்தால், செஸ் பீரியடில் ஆறு பேரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் மாஸ்டர் சொல்லித்தருவாராம். மீதிப் பேர் வகுப்பில் தலை குனிந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டுமாம். அந்த ஆறு பேரில் நாலு பேர் ஏற்கெனவே வெளியே கோச்சிங் போகிறவர்கள். கப் எல்லாம் அவர்கள் வாங்கியது. என் தறியில் நான் நெய்த புடவைக்கு வேறு ஒருவர் முத்திரை குத்திக்கொள்வது மாதிரி.

கேட்டதற்கு, ‘உங்கள் பெண்ணுக்கு ஆர்வம் இல்லை’ என்றார்கள். ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்க, காயை ஒரு தடவையாவது அவள் கையில் கொடுத்திருக்க வேண்டாமா?

கணக்கு வாத்தியார் (திங்கள், காலை 5.50)

ஓமலூரில் இருந்து. பணி ஓய்வு, அதனால் விடியற்காலையிலேயே வந்துவிட்டேன்.

இங்கே இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. செஸ்ஸைச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. செஸ்ஸை வைத்து வேறொன்றைச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. ஃபிடே 1924-இல் பாரிஸில் தொடங்கியது. போட்டி நடத்துவதுதான் அதன் பிரதான வேலை. ஆனால் கல்விக்கென்று அதில் தனி ஆணையமே இருக்கிறது. அவர்கள் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி வைத்திருக்கிறார்கள், அது ஆட்டக்காரர்களை உருவாக்கும் பயிற்சி இல்லை. ஹங்கேரியில் ஜூடித் போல்கார் பள்ளிகளுக்காகச் செய்த பாடத்திட்டமும் அப்படித்தான். உலகத்திலேயே மிக வலிமையான பெண் ஆட்டக்காரர், அவரே ‘சாம்பியன் உருவாக்குவது நோக்கம் இல்லை’ என்ற பக்கம் நிற்கிறார்.

குதிரைத் தம்பிக்கு ஒரு குறும்பு. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அவர் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். ஆகவே கப்பை வைத்துப் பள்ளியை அளந்தால், பள்ளிக்கு வராத பிள்ளைக்குத்தான் முதல் மார்க் போட வேண்டியிருக்கும்!

டீச்சருக்கு ஒரு கணக்கு. வெறும் போர்டில் ராஜாவை மட்டும் வையுங்கள். மூலையில் இருந்தால் 3 கட்டத்துக்குப் போகலாம், ஓரத்தில் 5, உள்ளே 8. எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை நகர்வு? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 64 கட்டத்தையும் தனித்தனியாக எண்ணுகிறதா, இல்லை மூலை, ஓரம், உள் என்று பிரித்துப் பெருக்குகிறதா என்று பாருங்கள். விடை 420. விடை முக்கியமில்லை, எந்த வழியில் வந்தார்கள் என்பதைக் குறித்துவையுங்கள்.

எதிர்க்கேள்வி (திங்கள், மதியம் 1.15)

உற்சாகத்தைக் கெடுக்க வந்திருக்கிறேன், மன்னிக்கவும். செஸ் ஆடினால் கணக்கு வரும் என்பதை எல்லாரும் ஏற்கெனவே நிரூபணமான மாதிரி பேசுகிறீர்கள். இங்கிலாந்தில் எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அமைப்பு இதைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. 100 தொடக்கப் பள்ளிகள். நம்ம ஊர் ஐந்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள். ஒரு பாதிப் பள்ளிகளில் 30 மணி நேரம் செஸ், மறுபாதியில் வழக்கமான படிப்பு. ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசமே இல்லை.

அதே ஆண்டு சாலா, கோபெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் செஸ் ஆடிய பிள்ளைகளை, வேறு புதிதாக ஒன்றைக் கற்ற பிள்ளைகளோடு ஒப்பிடவே இல்லை. வகுப்புக்கு ஒரு புது ஆள் வந்து புது விளையாட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளையும் கொஞ்ச நாள் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். அது செஸ்ஸின் பலனா, புதுமையின் பலனா?

ஆர்மீனியாவில் 2011 முதல் இரண்டாம் வகுப்பில் தொடங்கி நாலாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமே ஆக்கிவிட்டார்கள். அதனால் அந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் கணக்கில் புலி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

தட்டுவடை செட் (திங்கள், மதியம் 1.40)

எதிர்க்கேள்வி அண்ணன் பாட்டு, நாட்டியம், கபடி எல்லாவற்றுக்கும் இதே ஆய்வு கேட்பாரா? கணக்கு மார்க் வந்தால்தான் விளையாட விடுவோம் என்றால் அஸ்தம்பட்டியில் ஒரு மைதானமும் மிஞ்சாது.

எதிர்க்கேள்வி (திங்கள், மதியம் 1.52)

விளையாட்டாக ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ‘கல்விக் கருவி’ என்று பலகை மாட்டினால், கருவி எதைச் செய்தது என்று கேட்பேன். கோடாலி என்று விற்றால் விறகு பிளந்து காட்டு என்பேன். அவ்வளவுதான்.

நாகலூர் டீச்சர் (திங்கள், இரவு 8.30)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இங்கே மேலே மழை, மதியத்தில் இருந்து கரண்ட் இல்லை, இப்போதுதான் வந்தது.

எதிர்க்கேள்வி சார் சொன்னது எனக்குக் கோபமே வரவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இங்கிலாந்துக் கதையில் ஒன்று கேட்கிறேன். அங்கே வகுப்பு எடுத்தது யார், பள்ளி ஆசிரியரா, வெளியில் இருந்து வந்த மாஸ்டரா? மாஸ்டர் வந்து செஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் பிள்ளைகளுக்குச் செஸ்தான் வரும். அதில் இருந்து கணக்குக்கு யார் பாலம் போட்டது?

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன தை மாதம். காப்பிப் பழம் எடுக்கிற காலம், வருகை குறைவாக இருக்கும். முதல் கட்டத்தில் ஒரு காப்பிக்கொட்டை, அடுத்ததில் 2, அடுத்ததில் 4, இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எத்தனை கட்டம் வரை போக முடியும் என்று கேட்டேன். அந்தப் பழைய நெல்மணிக் கதையை நான் சொல்லவில்லை. வீட்டில் இருந்து ஆளுக்கு ஒரு டப்பா காயவைத்த கொட்டை கொண்டுவந்தார்கள்.

முதல் வரிசை முடிகிறபோது எட்டாவது கட்டத்தில் 128. ஆறாவது, ஏழாவதிலேயே கொட்டை கட்டத்தை விட்டு வழிந்து பக்கத்துக் கட்டத்தோடு கலந்து ஒரே சண்டை. அப்புறம் கட்டத்தின் மேல் சத்துணவு டம்ளரை வைத்தோம். ஒன்பதாவதில் 256 எண்ணி முடிக்கவே கால் மணி நேரம். பத்தாவதுக்கு 512. எண்ணுகிற பையன் 300 தாண்டி எங்கேயோ தடுமாறி, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினான்.

அப்போது ஐந்தாவது படிக்கிற பெண்ணொருத்தி எழுந்து வந்து, 256 கொட்டை இருந்த டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எவர்சில்வர், வெளியில் இருந்து தெரியாது. உள்ளே எட்டிப்பார்த்து, கொட்டை நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். “டீச்சர், எண்ண வேண்டாம். இந்தக் கோடு வரைக்கும் ரெண்டு தடவை போட்டா 512 தானே?” என்றாள். அடுத்ததுக்கு நாலு தடவை. பன்னிரண்டாவது கட்டத்துக்கு 2048 வேண்டும். எட்டுத் தடவை போட வேண்டிய இடத்தில் மூன்றாவது தடவையிலேயே டப்பாக்கள் எல்லாம் காலி.

அளவை என்ற பாடத்தை நான் அதற்கு முன்பு மூன்று தடவை நடத்தியிருக்கிறேன். அந்தப் பெண் ஒரு நாள்கூட வாய் திறந்ததில்லை.

இன்னொரு பையன், பொதுவாக வகுப்புக்கே சரியாக வராதவன், கரும்பலகையில் 1, 2, 4, 8 என்று எழுதியிருந்ததைக் கூட்டிக்கொண்டே இருந்தான். “எதுவரைக்கும் கூட்டினாலும் அடுத்த நம்பருக்கு ஒண்ணு கம்மியா வருது டீச்சர்” என்றான். எனக்கே அது அப்போதுதான் உறைத்தது.

இந்த இரண்டு பேருக்கும் செஸ் ஆட்டம் சுமார்தான். ராணியைச் சும்மா பறிகொடுப்பார்கள். இதை எந்தக் கப்பில் வைத்துக் காட்டுவது?

கணக்கு வாத்தியார் (திங்கள், இரவு 9.05)

அம்மா, 64 கட்டத்துக்கும் கூட்டினால் வருவது 20 இலக்க எண். அதை அந்தப் பையனிடம் சொல்லி, அதுவும் எதற்கு ஒன்று குறைவு என்று கேளுங்கள். நாலு நாள் தூங்கமாட்டான்.

கறுப்புக் குதிரை (திங்கள், இரவு 10.10)

டீச்சர், சாக்பீஸ் கோட்டை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் 1500 ரேட்டிங் வைத்திருக்கிற பையன்கள் இருக்கிறார்கள், மாற்று வழி கேட்டால் வீட்டில் மனப்பாடம் செய்த வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள். சரி, கப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், முக்கால்வாசி.

மீதிக் கால்வாசி ஏன் என்றால், தோற்பது என்று ஒன்று இருக்கிறது. மணி அடித்து, எதிராளிக்குக் கை கொடுத்து, தொட்ட காயை ஆடியே தீர வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, தோற்று, மறுபடியும் கை கொடுத்து எழுவது. அதுவும் கல்விதான். வகுப்பறையில் அது வராது. அதனால் கப்புக்காக இல்லாவிட்டாலும் ஒரு தடவை கீழே கூட்டிவாருங்கள்.

அது சரி, மலையில் பிஷப்பை என்னவென்று சொல்கிறீர்கள்? இங்கே பாதிப் பேர் மந்திரி, பாதிப் பேர் ஒட்டகம்.

தட்டுவடை செட் (திங்கள், இரவு 10.16)

எங்கள் தாத்தாவுக்கு ராணிதான் மந்திரி. ராஜா பக்கத்தில் பொம்பளைக்கு என்ன வேலை, மந்திரிதான் நிற்பார் என்பார். பாட்டி காதில் விழாமல்.

நாகலூர் டீச்சர் (திங்கள், இரவு 10.20)

எங்கள் பிள்ளைகளுக்கு அது ‘கோணல்’. குறுக்காகப் போவதால். நான் மாற்றவில்லை. மூலைவிட்டம் என்ற சொல் வருகிறபோது ‘கோணல் போகிற கோடு’ என்றால் உடனே புரிகிறது.

எதிர்க்கேள்வி (செவ்வாய், காலை 9.30)

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. இங்கிலாந்தில் நடத்தியது வெளியில் இருந்து வந்த செஸ் ஆசிரியர்கள்தான். வகுப்பு ஆசிரியர் கூட இருந்தார், அவ்வளவே. ஆகவே அந்த ஆய்வு உங்கள் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வழி பலிக்கும் என்றும் அது சொல்லவில்லை.

அங்கீகாரத்துக்கு வருவோம். என்னை அந்தக் குழுவில் போட்டால் (போடமாட்டார்கள்) அலமாரிப் பக்கமே போகமாட்டேன். வருகைப் பதிவேட்டைத் திறந்து கண்ணை மூடி ஒரு பெயரில் விரல் வைப்பேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, போர்டில் நீ என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்பேன். அம்மாபேட்டைக்காரர் பெண்ணின் பள்ளி அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடும். ஆறு பேரைத் தயார் செய்து வைக்கலாம், அறுநூறு பேரை முடியாது. இரண்டாவது, அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்று கேட்பேன். அரசுப் பள்ளியில் இது பெரிய கேள்வி. டீச்சர், உங்களுக்கு நாளை ஆத்தூருக்கு மாற்றல் வந்தால் போர்டு மறுபடியும் பீரோவுக்குத்தானே?

அம்மாபேட்டை அப்பா (செவ்வாய், காலை 11.00)

விரல் வைக்கிற யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் யார் வந்து விரல் வைப்பார்கள்? இங்கே பார்வை என்றால் சால்வை, போட்டோ, மதியம் சாப்பாடு, ஏற்காட்டில் என்றால் கூடவே படகுச் சவாரி. இருபது கொண்டை ஊசி ஏறி வருகிறவர் ஒரு பிள்ளையிடம் பேச அரை மணி நேரம் ஒதுக்குவாரா?

நாகலூர் டீச்சர் (செவ்வாய், இரவு 7.45)

மாற்றல் கேள்வி நெஞ்சில் குத்திவிட்டது சார். இன்று மதியம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய், ராஜா கணக்கை நீங்கள் ஒரு தடவை எடுக்கிறீர்களா என்றேன். அவருக்குக் காய் பெயரே தெரியாது. ‘எனக்கு எதுக்கு இந்த வம்பு’ என்றவர், என் வகுப்பு ஐந்தாவது பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்துப்போனார். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் கரும்பலகையில் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் டீச்சருக்கு நடத்திய பாடம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உள்ளே போகவில்லை.

வாத்தியார் ஐயாவுக்கு: 23 பேரில் 14 பேர் ஒவ்வொரு கட்டமாக எண்ணினார்கள். 7 பேர் பிரித்துப் பெருக்கினார்கள், 4 மூலை, 24 ஓரம், 36 உள். இரண்டு பேர் ராஜாவை நகர்த்தி விளையாடிவிட்டு விடையைப் பக்கத்தில் பார்த்து எழுதினார்கள். எண்ணிய 14 பேரில் 420 சரியாக வந்தது 3 பேருக்குத்தான். ஒருத்தி 418 என்று வந்து, எந்த இரண்டை விட்டேன் என்று மணி அடித்த பிறகும் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தாள்.

கணக்கு வாத்தியார் (செவ்வாய், இரவு 8.10)

அந்த 418 நோட்டைக் கிழித்துப்போட விடாதீர்கள். அதுதான் உங்கள் கப். திருத்தாமல் அப்படியே இணையுங்கள்.

நாகலூர் டீச்சர் (வெள்ளி, மாலை 6.15)

தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். முழு இழையையும் அவருக்குப் படித்துக் காட்டினேன், படகுச் சவாரி வரியைத் தவிர. கடிதம் அவரே எழுதினார். ‘போட்டிகளில் வெற்றி: இல்லை’ என்று முதல் பத்தியிலேயே போட்டார். வேண்டாம் சார், கடைசியில் போடலாம் என்றேன். ‘இருக்கட்டும், படிக்கிறவர் அதைத்தான் முதலில் தேடுவார்’ என்றார். 23 பேரின் ராஜா கணக்குத் தாள்களையும், பார்த்து எழுதிய இரண்டையும் சேர்த்தே, இணைக்கிறோம். மூன்றாம் வகுப்பு டீச்சர் தனியாக அரைப் பக்கம் எழுதிக்கொடுத்தார். கிடைக்குமா என்று தெரியாது.

குதிரை சாருக்கு ஒரு விண்ணப்பம். கட்டணம் வேண்டாம், போட்டிக்கு அடுத்த பருவத்தில் வருகிறோம். இப்போதைக்கு இரண்டு கறுப்புக் கோணலும் ஒரு வெள்ளைக் குதிரையும் காணாமல் போய், சோடா மூடி வைத்து ஓட்டுகிறோம். பழைய காய்கள் இருந்தால் கொடுப்பீர்களா?

கறுப்புக் குதிரை (வெள்ளி, மாலை 6.40)

ஒரு பை நிறைய இருக்கிறது டீச்சர், எல்லாம் ஜோடி இழந்தவை. நாளைக் காலை ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், தெரிந்தவர்தான். ஒண்டிக்கடையில் யாரையாவது நிற்கச் சொல்லுங்கள். குதிரை மட்டும் நாலு வைக்கிறேன், அதுதான் எப்போதும் முதலில் தொலையும்.